மாறுங் காலநிலையும் யாழ்ப்பாணத்து மனைமரபும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை, மலையும் இல்லை, மலைவழி வரும் அருவியும் இல்லை. மாரிகாலத்தில் மாத்திரம் ஓடி அராலிப் பக்கத்துக் கடலேரியிற் கலக்கும் வழுக்கையாறே ஆறென்னும் பெயரைத் தாங்கி நிற்பது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றதாயினும், அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி ஈறாகவுள்ள மூன்று மாதங்களுள் வீழ்ந்துவிடுகின்றது. எஞ்சிய ஒன்பது மாதங்களையும் அம்மூன்று மாதத்துச் சேமிப்பைக் கொண்டே கழித்தல் வேண்டும். இத்தகைய வறள்நிலத்திலே நெருங்கிய குடிகளும், புகையிலையும் வெங்காயமும் விளையுந் தோட்டங்களும் எங்ஙனம் நிலைபெற்றன என்பது ஆராயத்தக்கதொரு வினா. அநுராதபுரத்துப் பெருங்குளங்களைப் போல அரசர் அகழ்வித்த நீர்நிலைகள் இங்கே இல்லை. குடிமக்கள் தத்தம் வளவுக்குள்ளே அமைத்துக்கொண்ட சிறு ஏற்பாடுகளே, அதாவது கூரையின் சரிவும், முற்றத்தின் தாழ்வும், வேலியின் பின்னலும், கிணற்றின் இடமும் இறைப்பின் முறையுமே, அந்த வினாவுக்கு விடையாவன. இவற்றைப் பழக்கவழக்கம் என்று கூறுவாருளரேயன்றி வடிவமைப்பு என்று கூறுவார் அரியர். ஆயின், ஒரு நிலத்தின் இயல்பையறிந்து அதற்கேற்பப் பொருளை வகுத்தலே வடிவமைப்பு எனின், அதற்கு இவற்றினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுத் தேடவேண்டுவதில்லை.

இம்மரபு என்றும் ஒருபடித்தாய் இருந்ததென்று எண்ணுதல் தவறாகும். பனையோலை வேய்ந்த கூரை, வசதியுடையோர் மனைகளிலே பீலியோட்டுக் கூரையாயிற்று. 1865 ஆம் ஆண்டில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தோன்றியபின் அவ்வகைத் தட்டையோடு கடல்கடந்து பரவ, பீலியோடும் படிப்படியாக இடம்விட்டது. தோட்டப்பயிர்களுள் இன்று பழமையானவையாகக் கருதப்படும் மிளகாயும் புகையிலையும் ஐரோப்பியர் வருகையின் பின்னரே இந்நிலத்துக்கு வந்தவை. ஆகவே, முன்னோர் வைத்தபடியே வைத்திருத்தல் மரபைக் காத்தல் என்னுங் கூற்று வரலாற்றோடு பொருந்துவதன்று. முன்னோர் தாமே இடையறாது மாற்றியவர்கள். அவர்கள் மாற்றாது காத்தது வடிவத்தையன்று. அவ்வடிவம் எதற்காக ஏற்பட்டதோ அந்த நோக்கத்தையே.

இற்றைக்காலத்தில் அந்நோக்கத்தை மீண்டும் நினைப்பூட்டுவது காலநிலையின் மாற்றம். 2011 தொடக்கம் 2020 வரையுள்ள பத்தாண்டுகளில் புவி மேற்பரப்பின் சராசரி வெப்பநிலை, 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்ததைக் காட்டிலும் ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் கூடியிருந்ததென்று, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021 ஆம் ஆண்டின் அறிக்கையிற் கூறியது. 1901 க்கும் 2018 க்கும் இடையே கடல்மட்டம் சராசரியாக 20 சதமமீற்றர் உயர்ந்ததென்பதும் அவ்வறிக்கையின் முடிபு. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயருமாயின் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு பெருகும். அதனால், பெய்யும் மழை சில நாள்களிலே திரண்டு கொட்டுதற்கு ஏதுவாகின்றது. 2008 ஆம் ஆண்டு கார்த்திகையில் வீசிய நிஷா என்னும் புயலும், 2020 ஆம் ஆண்டு மார்கழியில் வந்த புரேவி என்னும் புயலும் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியமை பலர் நினைவிலும் உள்ளது. ஒருபுறம் வெள்ளம், அவ்வெள்ளம் வடிந்த சில மாதங்களுள் கிணறு வற்றுதல். இரண்டும் ஒரே வளவில் ஒரே ஆண்டில் நிகழ்கின்றன. இவை வேறுவேறு துன்பங்களல்ல. மழைநீர் தங்காது ஓடியதன் இருமுகங்களே.

நீர் எங்கே தங்குகின்றது என்பதை முதற்கண் விளங்கிக்கொள்ளுதல் அவசியம். குடாநாட்டின் அடியிலே பரந்து கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த அப்பாறையினூடே மழைநீர் இறங்கி, நாற்புறமும் சூழ்ந்த கடலின் உவர்நீர்மேல், பாரங்குறைந்த காரணத்தால் மிதந்து நிற்கின்றது. நடுவிலே தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருத்தலின் இதனை நன்னீர் வில்லை என்பர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தராகிய கைபன் என்பவரும், அவர்க்குப்பின் 1901 இல் செருமானியராகிய ஹெர்ட்ஸ்பெர்க் என்பவரும் இதன் அளவைக் கணித்துக் கூறினர். நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி உயர்ந்திருப்பின், கடல்மட்டத்தின் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது அவர்தம் கணக்கு. மேலே ஓரங்குலம் குறையின் கீழே 40 அங்குலம் உவர்நீர் மேலெழும். வெடிப்பு மிகுந்த பாறையில் இக்கணக்குச் சிறிது பிறழுமாயினும் அதன் சாரம் பிழைபடாது. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றிலே மேற்புறத்து நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இவ்வமைப்பின் கண்கூடான சான்று. அடியற்ற கிணறென்று மக்கள் வழங்கிவந்த அக்கிணறு, உண்மையில் நிலத்தின் கீழுள்ள இருநீரையும் திறந்து காட்டுமொரு சாளரம் எனலாம்.

கடல்மட்டம் உயருங்கால் இவ்வில்லை தானும் உயர்ந்து மிதத்தல் கூடாதோ என்று வினவலாம். நிலம் உயர்ந்திருப்பின் அது இயலும். குடாநாடோ தாழ்ந்த நிலம். மேலெழும் நன்னீர் நிலமட்டத்தை எட்டியதும் சதுப்பாய்த் தேங்கி, வாய்க்கால் வழியே வழிந்தோடிவிடும். மேலே உயர இடமின்றிக் கீழிருந்து உவர் நெருக்கும்போது வில்லை மெலிதலன்றி வேறு வழியில்லை. ஆதலின், கிணற்று நீரைக் கையாளும் முறை இனிமேல் முன்னையிலும் நுட்பமுடையதாதல் வேண்டும்.

முன்னை முறை எத்தகையது? ஆடுகாலின்மேல் ஏற்றிய பனைமரத் துலாவிலே ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்று வாயில் நிற்பவர் துலாக்கொடியைப் பற்றிப் பட்டையால் நீர் முகந்து ஊற்ற, வேறொருவர் வாய்க்காலிற் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர் மாறுவார். வைகறையிற் றொடங்கும் அவ்விறைப்பு வெயிலேறுமுன் ஓய்ந்துவிடும். ஓய்வது களைப்பினால், ஆயின் அக்களைப்பே கிணற்றுக்கு அரணாயிற்று. மனிதர் இளைப்பாறும் நேரத்தில் ஊற்றும் இளைப்பாறி மீண்டும் ஊறிற்று. கிணற்றின் கொள்ளளவும் மனிதவுடலின் கொள்ளளவும் ஏறக்குறைய ஒத்திருந்தமை தற்செயலாக வாய்த்ததே. எனினும் பல நூற்றாண்டுகள் நீரைக் காத்தது அத்தற்செயலே.

1950 களிலிருந்து மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்களும், பின்னர் மின்னால் இயங்குவனவும் பரவின. 1970 களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோட்டச்செய்கை மிக்க ஊதியந் தருவதாயிற்று. துலா மிதித்தவரின் உழைப்பு நீங்கியது. அதனைக் குறைகூறுதல் அறமன்று. துலாவிலிருந்து வழுக்கி வீழ்ந்து ஊனமுற்றோர் பலர் என்பதையும், பெரும்பாலும் பிறர் தோட்டத்துக்காகவே ஏழையர் மிதித்தனர் என்பதையும், பழமையைப் புகழ்வோர் மறந்துவிடுதல் வழக்கம். ஆயினும், உழைப்பு நீங்கியபோது அதனோடு கூடவே எல்லையும் நீங்கிவிட்டது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஊற்று ஊறும் வேகத்தைக் கடந்து அது இறைக்கும்போது கிணற்றடியில் உவர் கூம்புபோல் எழுகின்றது. நீர் குறைந்ததென்று கிணற்றை வெடிவைத்து ஆழமாக்குவோரும், குழாய்க்கிணறு துளைப்போரும் அக்கூம்பைத் தாமே தேடிச் செல்கின்றனர். ஆழத்திற் சென்றால் நீருண்டு என்பது மலைநாட்டுக்கும் வன்னிக்கும் பொருந்தலாம். நன்னீர் உவரின்மேல் மிதக்கும் நாட்டிலே ஆழம் என்பது கடலை நோக்கிச் செல்லும் வழியாகும்.

இழந்த எல்லையை மீளக் கொணர்வதே இங்கே ஆக்கபூர்வமான வடிவமைப்பின் பணி. அதற்குத் துலாவை மீண்டும் நாட்ட வேண்டுவதில்லை. கிணற்றினுள்ளே மிதக்கும் சிறுமிதவை ஒன்றை மின்னாளியோடு இணைத்துவிட்டால், குறித்த மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கியதும் இயந்திரம் தானே நின்றுவிடும். ஊறிய பின்னரே மீண்டும் இயங்கும். இதற்கு வேண்டுஞ் செலவு பெரிதன்று. அம்மட்டத்தைக் கிணற்றுக்கட்டின் உட்புறத்திலே வெள்ளைக்கோடாகத் தீட்டிவைத்தால் குடும்பத்தார் அனைவரும் நாடோறும் காண்பர். ஆழமான கிணறொன்றுக்குப் பதிலாக ஆழங்குறைந்த இரு கிணறுகளில் மாறிமாறி இறைத்தலும், வாய்க்காலிற் பாய்ச்சும் நீரைக் குழாய்வழித் துளித்துளியாக வேரடிக்கு விடுதலும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. மாலையில் இறைத்துத் தொட்டியில் நிரப்பி விடியலிற் பாய்ச்சுவதும் புதியதன்று. தோட்டக் கிணற்றருகே தொட்டி கட்டுதல் முன்னரே இருந்ததுதான்.

பங்குக் கிணறு என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்துக் காணியுறுதிகளிலே கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் தனித்துக் குறிக்கப்படுதலை உறுதி படித்தோர் அறிவர். ஒரு கிணற்றிலே பலர் முறைவைத்து இறைத்தலால், ஒருவர் மிகையாக எடுப்பின் மற்றவர் உடனே கேட்கும் நிலை இருந்தது. இன்று வளவுக்கொரு கிணறு, கிணற்றுக்கோர் இயந்திரம் என்றாயினமையால் கேட்பாரில்லை. ஆனால் நிலத்தின் கீழுள்ள நீரோ இன்றும் பொதுநீரே. அதே வேளையில், அப்பங்கு முறையை அறத்தின் வடிவமாக மாத்திரம் காட்டுதலும் உண்மையாகாது. குடிநீர்க் கிணற்றில் அள்ளும் உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் அம்மறுப்பு உடனே ஒழிந்ததன்று. கிணற்றைச் சுற்றிய மரபிலே எடுத்துக்கொள்ள வேண்டியதும் கைவிட வேண்டியதும் ஒன்றாகவே பிணைந்து கிடக்கின்றன. புதிதாக வகுக்கப்படும் பங்கு முறையிலே முன்னர் வாளியெடுக்க விடப்படாதோர் முதலிடம் பெறாவிடின், அதனை மரபின் திருத்தம் என்று சொல்வதற்கில்லை.

கிணற்றினின்றும் கூரைக்கு வருவோம். நாற்சார் வீடு என்பது நடுவே முற்றம் விட்டு, நாற்புறமும் அறைகளும் சாலைகளும் அமைய, கூரைகள் உள்நோக்கிச் சரியக் கட்டப்படுவது. முற்றம் ஒளிக்கும் காற்றுக்கும் மங்கல வினைகளுக்கும் உரியதென்பர். அது மழைக்கும் உரியது என்பதைப் பலர் மறப்பர். கூரையின் நீர் பீலிவழி இறங்கி முற்றத்தில் வீழ்ந்து, அங்கிருந்து ஒரு சிறு தூம்பினால் வெளியே செல்லும். மாரியில் அண்டாவும் குடமும் பீலியின் கீழே வரிசையாக வைக்கப்படுதல் எல்லார்க்கும் பழகிய காட்சி. சிறிது கணக்கிட்டு நோக்கின் அவ்வண்டாக்கள் எவ்வளவு சிறியன என்பது புலப்படும். 100 சதுர மீற்றர் பரப்புள்ள கூரையொன்றின்மேல் ஆண்டில் வீழும் நீர் ஏறத்தாழ 125,000 லீற்றர். சிதறலும் ஆவியும் போக ஐந்தில் நான்கு பங்கு கிடைப்பினும் அது ஓர் இலட்சம் லீற்றராகும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லீற்றர் வீதம் கொள்ளின், 200 நாள் வறட்சிக்கு வேண்டுவது 10,000 லீற்றர் மாத்திரமே. கூரையிற் கிடைப்பதிற் பத்திலொன்று தொட்டியில் நின்றாற் போதும். எஞ்சிய ஒன்பது பங்கும் நிலத்தின் கீழுள்ள வில்லைக்கு உணவாகலாம்.

இலங்கை அரசு 2005 ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்புப் பற்றிய தேசிய கொள்கையொன்றை வகுத்தது. அதன்பின் நகர்ப்புறக் கட்டடங்கள் சிலவற்றுக்கு அதனைக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தமும் 2007 இல் வந்தது. ஆயினும் வீடுகளின் மூலையிலே தொட்டி தனித்து நிற்கும் ஒரு பொருளாகவே காணப்படுகின்றது. வீட்டின் உறுப்பாகக் காணப்படுவதில்லை. நாற்சார் முற்றம் இதற்கு ஒரு வழி காட்டும். முற்றத்தின் அடியிலே நிலவறைத் தொட்டி அமைத்து, அதன் மூடியையே முற்றத்தின் தளமாக்கலாம். முதன்மழை கூரையின் தூசியையும் பறவையெச்சத்தையும் கழுவி வருதலின், அதனைப் புறம்போக்கத் தனி வழி வேண்டும். தொட்டி நிரம்பி வழிவது, சல்லியும் மணலும் கரியும் இட்ட குழியொன்றிற் புகுந்து நிலத்துள் இறங்குதல் வேண்டும். நேரே கிணற்றினுள் விடுதல் தகாது. சுண்ணக்கல் வெடிப்பிற் புகுந்த அழுக்கு வடிகட்டப்படாமலே அயற்கிணறு சேரும். பழைய தூம்பின் அளவும் இனிப் போதாது. ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீற்றர் மழை கொட்டின், முன்னே கூறிய கூரை ஒன்றே 10,000 லீற்றர் நீரை முற்றத்துக்கு அனுப்பும். முன்னோர் கை நுழையுமளவு விட்ட தூம்பை அப்படியே பின்பற்றிக் கட்டிய புதுமனையில் முற்றம் குளமாகி அறைக்குள் நீர் புகுதல், வடிவத்தைப் பின்பற்றி நோக்கத்தைக் கைவிட்டதன் பயனேயாகும்.

வெப்பத்தைப் பற்றியும் இவ்வாறே. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தடிப்பாகக் கட்டிய சுவர் பகலின் வெப்பத்தை மெல்லமெல்ல உள்வாங்கி, இரவின் குளிர்ச்சியிலே வெளிவிடும். இரவு குளிர்ந்திருக்கும்வரை அது நல்ல ஏற்பாடு. இரவிலும் வெப்பந் தணியாத நாள்கள் பெருகும்போது, தடித்த சுவர் தான் கொண்ட வெப்பத்தை விடவியலாது அறைக்குள்ளேயே வைத்திருக்கும். அப்போது பயன்றருவது சுவரன்று, காற்றே. சோளகக்காற்று நுழையும் திசையிற் றாழ்ந்த சாளரமும், வெப்பக்காற்று வெளியேற எதிர்ப்புறத்திலே உயர்ந்த துவாரமும் வைத்தல், திண்ணையை அகலமாக்கிப் படுக்கைக்கு உரியதாக்குதல் முதலியவை செலவு குறைந்த மாற்றங்கள். திண்ணையில் உறங்குதல் வறுமையின் அடையாளமென்று கருதப்பட்டு, அவ்விடம் இரும்புக் கம்பிகளால் அடைக்கப்பட்டு வருவது வருந்தத்தக்கது.

கூரையே வெப்பத்தின் முதல் வாயில். போரின் பின்னர் வீடிழந்தோர்க்கு வீடமைத்தல் பெரும் பணியாயிற்று. 2012 முதல் இந்திய உதவியோடு நடைபெற்ற திட்டத்திலே உரிமையாளர் தாமே கட்டும் முறை கையாளப்பட்டது. சிறு வீடாயினும் எவ்விடத்தே கதவு, எத்திசையில் விறாந்தை என்பதிற் குடியிருப்போரின் சொல் ஓரளவு சென்றது. 2016 ஆம் ஆண்டளவிலோ, வடக்கு கிழக்கு மாகாணங்களுக்கென 65,000 வீடுகளைத் தொழிற்சாலையிற் செய்த உருக்குப் பகுதிகளைப் பொருத்தி அமைக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. வெப்பம், செலவு, நிலைத்திருக்கும் காலம், விறகடுப்புக்கு இடமின்மை ஆகியவற்றைச் சுட்டிப் பொறியியலறிஞரும் மக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அத்திட்டம் முன்வைக்கப்பட்ட வடிவில் நிறைவேறவில்லை. வீடு எங்கும் ஒன்றே என்னும் கருத்துக்கும், வீடு நிலத்தினின்றும் பிறப்பது என்னும் கருத்துக்கும் இடையே எழுந்த வழக்காக அதனைக் கொள்ளல் தகும்.

தகரக் கூரையின் கீழ் வாழ்வோர் அதன்மேற் கிடுகு வேய்தலை எங்குங் காணலாம். இதனைக் கட்டடக்கலையென்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞராகிய ஜெஃப்ரி பாவா, நெளிவுடைய சீமெந்துத் தகட்டின்மேல் பீலியோடு பரப்பும் முறையைக் கையாண்டபோது செய்ததும் தத்துவத்தால் இதுவே. கீழ்த்தகடு ஒழுக்கைத் தடுக்கும். மேலோடு வெயிலைத் தடுக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். அவர் 1960 களின் தொடக்கத்திலே கொழும்பில் எனா டி சில்வாவுக்கென அமைத்த வீடு, நெருங்கிய நகரத்திலும் நடுமுற்றம் கொண்ட வீடு இயலும் என்பதைக் காட்டிற்று. கிடுகு இரண்டு மூன்று ஆண்டுகளில் உக்கிப்போகும்; தீக்கும் அஞ்சவேண்டும். ஆதலின், தகரத்துக்கும் கிடுகுக்கும் இடையே கைப்பிடியளவு வெளிவிட்டுச் சட்டம் அமைத்து, கிடுகைப் பகுதிபகுதியாகக் கழற்றிப் புதுக்கும் வண்ணம் செய்தல், ஒரு தச்சருக்கு ஒருநாள் வேலை. சுண்ணாம்பு வெள்ளையடித்தலும் எளிய வழியே. இந்தியாவின் அகமதாபாத்து நகரம் 2010 ஆம் ஆண்டின் கொடிய வெப்பத்துக்குப்பின் 2013 இல் வெப்பத் தடுப்புத் திட்டமொன்றை வகுத்து, 2017 முதல் ஏழையர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் முயற்சியை மேற்கொண்டது. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும் நாட்டிலே அதே தூரிகை கூரைக்கும் ஏறுதல் அரிய காரியமன்று. மாரி கழிந்து வெயிலேறத் தொடங்கும் தைம்மாதம் அதற்கு ஏற்ற காலமுமாகும்.

வேலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்ற வேலி, தோட்டத்துக்குக் குழையும் ஆட்டுக்கு உணவும் தந்தது. காற்றையும் வெள்ளத்தையும் மறிக்காது செல்லவிட்டது. அதன் இடத்தில் எழுந்த சீமெந்து மதில் கள்வரைத் தடுக்கின்றதோ இல்லையோ, மழைநீரைத் தடுக்கின்றது. ஒழுங்கைகளுக்குக் கொங்கிறீற்று இட்டு உயர்த்தியபின் வளவுகள் கிண்ணங்களாயின. மதில் இன்றியமையாததாயின் அடிவரிசையிலே முழத்துக்கொரு துவாரம் விட்டும், கதியால் வரிசையொன்றை உட்புறத்தே நட்டும் இக்கேட்டைக் குறைக்கலாம். கிணற்றடியிலே குளித்த நீர் வாழைக்குச் செல்லும் பழைய வாய்க்காலையும் இவ்விடத்தே சேர்த்துக் கூறலாம். ஆயின் இற்றைச் சவர்க்காரத் தூள்கள் கலந்த நீருக்கு, வாழையின் முன்னே மணலும் புல்லும் உடைய சிறு பாத்தியொன்று தேவைப்படும்.

வளவுக்கு வெளியே குளங்களும் கேணிகளும் உள்ளன. ஆயிரத்தை எட்டும் அளவினவென்று கூறப்படும் இச்சிறு குளங்கள் பெரும்பாலும் பயிருக்கு நேரே நீர் பாய்ச்சுவனவல்ல. மாரிநீரைத் தேக்கி நிலத்துள் இறக்கி அயற்கிணறுகளை நன்னீராய் வைத்திருப்பனவே. கேணியருகே ஆவுரஞ்சிக்கல்லும் சுமைதாங்கியும் அமைத்தோர் மாட்டையும் வழிப்போக்கரையும் ஒருங்கே நினைத்தவர்கள். வண்டல் எடுத்து வயலுக்கிடும் வழக்கம் குளத்தையும் ஆழமாக்கிற்று, வயலையும் உரமாக்கிற்று. செயற்கை உரம் வந்தபின் வண்டல் வேண்டப்படாதாயிற்று, குளங்கள் தூர்ந்தன, நகரத்துக் குளங்கள் குப்பை கொட்டும் இடங்களாயின. 2021 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நகரத்து ஆரியகுளம் புதுக்கப்பட்டு மக்கள் உலாவும் இடமாயிற்று. அது மகிழ்தற்குரியது. எனினும் ஒரு குளத்தின் அழகு அதன் கரையில் மாத்திரம் இல்லை. அதற்கு நீர் வரும் வாய்க்கால்கள் எத்தனை திறந்துள்ளன என்பதிலே உள்ளது. கரையை அழகுசெய்யப் பணம் கிடைக்கும் அளவுக்கு வாய்க்காலைத் திறக்கப் பணம் கிடைப்பதில்லை.

குடாநாடு முழுவதற்குமாகக் கடலேரிகளை நன்னீராக்கும் எண்ணமும் நெடுநாளையது. 1950 களிலே தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீரைத் தடுக்கும் அணைகள் எழுந்தன. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்தளித்தார். 2024 ஆம் ஆண்டில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. இவை அரசின் கையிலுள்ளவை. குழாயில் நீர் வருமாயின் கிணற்றைக் காத்தல் எதற்கு என்று கேட்பாரும் உளர். குழாய்நீர் குடிப்பதற்கு உதவும். வெங்காயப் பாத்திக்கும் வளவு மரங்களுக்கும் அது போதாது. அவை இன்றும் வில்லையையே உண்டு வாழ்கின்றன.

இறுதியாக ஒன்று. கிணறு வளவின் ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், அமைதல் வேண்டுமென்பது மனைநூல் வழக்கு. இன்றும் அதனை விடாது போற்றுவர். மலசலகூடக் குழியைக் கிணற்றுக்கு இயன்றவளவு தொலைவில் வைத்தல் சுகாதார வழக்கு. ஆதலின் அது தென்மேற்கு மூலைக்குச் செல்லும். இரண்டு வழக்கையும் பிழையின்றிப் பின்பற்றிய ஒருவரின் தென்மேற்கு மூலை, அதனைத் தொடும் அயலவரின் வளவுக்கு வடகிழக்கு மூலையாகும். அங்கே அயலவரின் கிணறு இருக்கும். வளவுகள் பரந்து கிடந்த காலத்தில் இதனால் இடரில்லை. சீதனத்துக்கும் முதுசத்துக்குமாகப் பரப்புக் கணக்கிற் காணி துண்டாடப்பட்டபின், ஒருவரின் குழிக்கும் மற்றவரின் கிணற்றுக்கும் இடையே மதில் ஒன்றே நிற்கின்றது. 1980 களிலே நடைபெற்ற ஆய்வுகள் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்து நைத்திரேற்று இருத்தலைக் காட்டின. தோட்டத்துக்கிடும் உரமும் இக்குழிகளுமே அதற்குக் காரணங்களென்று கூறப்பட்டன. பால்குடிக் குழந்தையின் குருதிக்கு அது நஞ்சு. மாரிவெள்ளம் உயர்ந்து குழியும் கிணறும் ஒரே நீர்மட்டத்தில் நிற்கும் ஆண்டுகள் பெருகுமிடத்து இவ்விடர் நைத்திரேற்றோடு நில்லாது, நோய்க்கிருமிகளும் அவ்வழியே வரும். இதனைத் தனி வளவுக்குள் இருந்து தீர்த்தல் இயலாது. ஒரு குறிச்சியின் வளவுகள் அனைத்தையும், அவற்றின் கிணறு, குழி, வாய்க்கால், வெள்ளம் வடியும் திசை என்பவற்றோடு ஒரே தாளில் வரைதல் வேண்டும். மேனிலை வகுப்பிற் புவியியல் பயிலும் மாணவர் நால்வர், ஓர் அளவுநாடாவும் திசைகாட்டியும் கொண்டு ஒரு விடுமுறைக்குள் ஒரு குறிச்சியை வரைந்துவிடலாம். அவ்வரைபடம் கையிலிருப்பின், எக்குழியை அடைத்து நீர் புகாத தொட்டியாக மாற்றுவது, எவ்விரு வீடுகளுக்குப் பொதுவாக ஒரு கிணற்றை வைத்துக்கொள்வது என்பவற்றை, அயலவர் கூடியிருந்து பேசுதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.